மேற்கோள் காட்டுவது திருட்டல்ல

திரைப்படத்தை விமர்சிப்பவர் அதன் சில நொடிக் காட்சியைக் காட்டுகிறார். செய்தியில் உள்ள பிழையைச் சொல்பவர் அந்தச் செய்தியின் ஒரு துண்டை எடுத்துப் போடுகிறார். இதற்கு உரிமையாளரின் அனுமதி தேவையில்லை. ஆய்வு, விமர்சனம், நடப்புச் செய்தி ஆகியவற்றுக்கான நியாயமான பயன்பாடு மீறலே ஆகாது என்று 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவு தெளிவாகச் சொல்கிறது. ஆனால், சட்டம் தந்த இந்த உரிமை இணையத்தில் பலருக்கும் எட்டாக்கனியாகவே இருக்கிறது.

சில நொடிக் காட்சிகளுக்காகத் தங்கள் சேனல்கள் மீது ஒரு செய்தி நிறுவனம் புகார் கொடுத்ததாகவும், அதைத் திரும்பப் பெறப் பல லட்சம் ரூபாய் கேட்டதாகவும் 2025 மே மாதம் யூடியூபர்கள் சிலர் குற்றஞ்சாட்டினர். தன் உரிமையைச் சட்டப்படி காத்துக்கொள்வதாக அந்த நிறுவனம் கூறியது. யார் பக்கம் நியாயம் என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். ஆனால், 90 நாட்களுக்குள் பதிப்புரிமை மீறலுக்கான எச்சரிக்கையான ‘ஸ்டிரைக்’ மூன்று முறை விழுந்தால் சேனலையே நீக்கிவிடலாம் என்பது யூடியூபின் விதி. பல ஆண்டு உழைப்பு பறிபோகும் என்று அஞ்சுபவர் வழக்காடத் துணிவாரா? பணத்தைக் கட்டுவார், அல்லது காணொளியை நீக்குவார். பயன்பாடு நியாயமானதா என்ற கேள்வி பெரும்பாலும் எந்த நீதிபதியின் முன்பும் போவதில்லை.

வழக்கு வந்தபோது இத்தகைய பயன்பாட்டை நம் நீதிமன்றங்கள் ஏற்றதுண்டு. மலையாள நாடகாசிரியர் தோப்பில் பாசியின் புகழ்பெற்ற நாடகத்துக்கு மறுப்பாக, அதன் பகுதிகளையே எடுத்தாண்டு சிவிக் சந்திரன் எழுதிய எதிர்நாடகம், விமர்சனத்துக்கான நியாயமான பயன்பாடே என்று 1996-இல் கேரள உயர் நீதிமன்றம் ஏற்றது. டெல்லிப் பல்கலைக்கழக மாணவர்களுக்காகப் பாடநூல் பகுதிகளை நகலெடுத்த கடைக்கு எதிராகப் பெரிய பதிப்பகங்கள் தொடுத்த வழக்கை, 2016-இல் டெல்லி உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி தள்ளுபடி செய்தார். பதிப்புரிமை இயற்கை உரிமை அல்ல, சட்டம் தந்த உரிமையே என்பது அவர் தீர்ப்பின் சாரம். மேல்முறையீட்டிலும் கல்விக்குச் சட்டம் தரும் விலக்கு நிலைத்தது.

படைப்பாளியின் உழைப்புக்குக் கூலி வேண்டும் என்பதில் மாற்றுக் கருத்தில்லை. வெளியான அன்றே முழுப் படத்தையும் இணையத்தில் ஏற்றுவது திருட்டுதான். எவ்வளவு எடுக்கப்பட்டது, எதற்காக, அது மூலப் படைப்பின் வருவாயைப் பறிக்கிறதா என்பவையே உரைகற்கள். இவற்றில் தேறும் விமர்சனத்தைப் புகாரால் முடக்குவது, உரிமையைக் காப்பதாகாது. கேள்வி கேட்பவரை மிரட்டுவதாகும்.

எனவே, புகார் கொடுப்பவர் 52-வது பிரிவு ஏன் பொருந்தாது என்பதைக் கட்டாயம் எழுத்தில் விளக்க வேண்டும். எதிர்த்தரப்பைக் கேட்ட பிறகே யூடியூப் போன்ற தளங்கள் ஸ்டிரைக் கொடுக்க வேண்டும். ஆதாரமற்ற மிரட்டலுக்கு எதிராக வழக்குத் தொடர 60-வது பிரிவு இப்போதே வழிசெய்கிறது. எளியவருக்கும் அது பயன்பட, விரைவான விசாரணையும் உறுதியான இழப்பீடும் தேவை. இதற்கான திருத்தங்களை மத்திய அரசு தாமதமின்றிக் கொண்டுவர வேண்டும். அரசியலமைப்பு தந்த கருத்துரிமையைப் பறிக்க ஒரு புகார்ப் படிவம் போதும் என்ற நிலை நீடிக்கக் கூடாது.