ஓட்டையை விட்டுவிட்டு எலியைத் துரத்துகிறவர்கள்

டிஸ்கி: பரண் மேல் எலி ஓடும் சத்தத்தில் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்த அனுபவம் இல்லாதவர்கள் அப்படியே நகர்ந்துவிடலாம். மற்றவர்கள் உள்ளே வாங்க.

ஐப்பசி மழை இறங்கியதும் எங்கள் கோவளத்து வீட்டுக்கு இரண்டு கூட்டம் வரும். ஒன்று, தீபாவளிக்குச் சொந்தக்காரர்கள். இன்னொன்று எலிகள். முதல் கூட்டமாவது நாலு நாளில் கிளம்பிவிடும்.

வீடு பாதி ஓடு, பாதி தளம். சுவர் முடிந்து ஓடு தொடங்குகிற இடத்தில் கை நுழையும் அளவுக்குச் சந்து. தளம் போட்ட பக்கம், பரணுக்கு மேலே சிமெண்ட் ஜாலி வைத்த ஒரு வென்டிலேட்டர். கடல் காற்று வரட்டும் என்று தாத்தா வைத்தது. காற்று வந்தது, அதே வழியில் எலியும் வந்தது. போன வருடம் என் காஸ்ட் அக்கவுண்டிங் நோட்டில் பாதியை மென்றுவிட்டது. (எனக்கு ஜீரணமாகாதது அதற்கு ஆகியிருக்கிறது, வாழ்க!)

அப்பா என்ன செய்தார்? முதலில் எலி கேக். பிறகு பசை அட்டை. பிறகு ஒரு ஆளைக் கூப்பிட்டு மருந்து. ஒரு வருடத்துக்கு நான் எழுதி வைத்த கணக்கு 2,340 ரூபாய். பலன்? பரணுக்குப் பின்னால் கைக்கு எட்டாத இடத்தில் ஒன்று செத்தது. பத்து நாள் நாற்றம். பதினோராம் நாள் அடுத்த எலி குடிவந்தது. வாசல் திறந்தே இருக்கிறதே, ஏன் வராது?

பிளஸ் டூ கணக்குப்பதிவியல் படித்தவர்களுக்கு நினைவிருக்கும்: முதலினச் செலவு, வருவாயினச் செலவு. ஓட்டையை அடைப்பது முதலினச் செலவு, ஒருமுறை செய்தால் பல வருடம் பலன். மருந்து வருவாயினச் செலவு, ஆயுசுக்கும் கட்டிக்கொண்டே இருக்கவேண்டியது. மருந்து விற்பவர் எலி தீர்ந்துபோக வேண்டும் என்று ஏன் நினைக்கப்போகிறார்? எங்கள் வீட்டுக்கு வந்தவர் மூலைக்கு மூலை மருந்து வைத்தார். "எந்த வழியா வருதுண்ணே?" என்று கேட்டேன். "அதெல்லாம் வரும் தம்பி, மருந்து பாத்துக்கும்" என்றார். தலையைத் தூக்கி அந்த ஜாலியை ஒரு தடவை கூடப் பார்க்கவில்லை.

காசோடு போனால் பரவாயில்லை. 2024 நவம்பரில், இங்கிருந்து அதிக தூரமில்லாத குன்றத்தூர் பக்கம் மணஞ்சேரியில் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். வீட்டில் எலித்தொல்லை என்று பூச்சி ஒழிப்பு ஆட்களை வரவழைத்தார்கள். மருந்து வைத்துவிட்டுப் போனார்கள். இரவு ஏசி போட்டு மூடிய அறையில் குடும்பம் தூங்கியது. ஆறு வயதுப் பெண் குழந்தையும் ஒரு வயதுப் பையனும் இறந்துபோனார்கள், பெற்றோர் ஆஸ்பத்திரியில். அந்த வாரம் டீக்கடை முழுக்க அதே பேச்சு. அடுத்த வாரம் அதே டீக்கடையில் ஒருவர், "நல்ல எலி மருந்தா ஒண்ணு சொல்லுப்பா" என்று கேட்டுக்கொண்டிருந்தார். என்னத்தைச் சொல்ல?

பசை அட்டை பற்றியும் சொல்லிவிடுகிறேன். அதில் ஒட்டிய சுண்டெலி உடனே சாவதில்லை. பசியிலும் தாகத்திலும் மணிக்கணக்காகத் துடித்து, அங்கேயே மூத்திரம் போய், சில நேரம் காலைக் கடித்துக்கொண்டு சாகும். இந்திய விலங்குகள் நல வாரியம் (ஒரு காலத்தில் நம்ம திருவான்மியூரில்தான் இருந்தது) 2011லும் 2020லும் இது வேண்டாம் என்று சொல்லியும் இன்னும் கிடைக்கிறது, நாமும் வாங்குகிறோம். எலி மூத்திரத்தில்தான் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கும். அந்த அட்டையை வெறும் கையால் மடித்துக் குப்பையில் போடுகிற வீரர்களை என்ன சொல்வது!

சரி, என்னதான் செய்யணும் என்கிறீர்களா? தென்னை மரத்தைப் பாருங்கள். ஆள் உயரத்துக்கு மேலே ஒரு தகரத்தைச் சுற்றிக் கட்டியிருப்பார்கள். எலி ஏறும், வழுக்கும், இறங்கிப் போய்விடும். மருந்தும் இல்லை, சாவும் இல்லை. மரத்துக்குக் கொடுத்த மூளையை வீட்டுக்குக் கொடுக்கக் கூடாதா?

பட்டப்பகலில் பரண் மேல் ஏறி, விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள். எங்கெல்லாம் வெளிச்சம் கசிகிறதோ அங்கெல்லாம் வாசல். எண்ணெய்க் கறை மாதிரி கறுப்பாக இருந்தால் அது ராஜபாட்டை. சந்தேகமாக இருந்தால் ராத்திரி கோலமாவைத் தூவி வையுங்கள், காலையில் கால்தடம் இருக்கும். பென்சில் நுழைகிற இடம் சுண்டெலிக்குப் போதும், அதனால் வலையின் கண் கால் அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது. கொசுவலை ஒட்டினால் ஒரே ராத்திரியில் கடித்துவிடும். சிமெண்ட் வைத்து மொத்தமாக அடைத்தால் காற்று போச்சு, சித்திரையில் ஓட்டுக்குக் கீழே வெந்துபோவீர்கள். கம்பி வலைதான் வழி. யூடியூபில் வெள்ளைக்காரர்கள் இரும்பு நாரைத் திணிக்கச் சொல்கிறார்கள். எங்கள் ஊர் உப்புக் காற்றில் அது துருப்பிடித்துக் கொட்டிவிடும். சாதாரண ஜிஐ வலையும் கடலோரத்தில் ரொம்ப நாள் தாங்காது. கொஞ்சம் கூடப் போனாலும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வலை வாங்குங்கள். ஏசி குழாய், கேபிள் போகிற சின்ன ஓட்டைகளுக்குப் பாத்திரம் தேய்க்கிற ஸ்டீல் நாரைத் திணித்து மேலே சிமெண்ட் பூசினால் போதும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. எலி உள்ளே இருக்கும்போது அடைத்துவிடாதீர்கள், மறுபடி பத்து நாள் நாற்றம். முதலில் ஓட்டையில் நியூஸ்பேப்பரைக் கசக்கி வையுங்கள். மூன்று ராத்திரி அசையாமல் இருந்தால் அடைக்கலாம். உள்ளே மிச்சமிருப்பதைக் கூண்டு வைத்துப் பிடியுங்கள். சினிமாவில் மசால்வடை வைப்பார்கள், எங்கள் ஊர் எலிக்குக் கருவாடு.

எங்கள் வீட்டில் ஜாலிக்கும் ஓட்டுச் சந்துக்கும் வலை, திருகு, நார் எல்லாம் சேர்த்து 1,150 ரூபாய். கூலி இல்லை, நானும் சித்தப்பா பையனும் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வாடகை வீட்டுக்காரர்கள் ஹவுஸ் ஓனரிடம் கேளுங்கள். "ஆணி அடிக்காதே" என்று குதிப்பார். மரச்சட்டத்தில் வலையை அடித்து ஜன்னல் மாதிரி பொருத்துங்கள், காலி பண்ணும்போது கழற்றிக்கொண்டு போகலாம். உண்மையில் இது வீடு கட்டும்போதே மேஸ்திரி செய்யவேண்டியது. டைல்ஸுக்கு லட்சக்கணக்கில் கொட்டுகிறவர்கள் வென்டிலேட்டருக்கு ஒரு முழம் வலை போட யோசிக்கிறார்கள்.

போன வாரம் அப்பா கடைக்குப் போய் வந்தபோது பையில் மறுபடி ஒரு எலி கேக். "சும்மா இருக்கட்டும்டா" என்றார். நான் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, காசுக்கு இரண்டு ஸ்டீல் நார் வாங்கி வந்தேன். சமையலறைத் தொட்டிக்குக் கீழே குழாய் ஓட்டை ஒன்று இன்னும் பாக்கி இருக்கிறது.