64 கேபிபிஎஸ்-ல என்னங்க அன்லிமிடெட்?

கோவை கிராஸ்கட் ரோட்டில் ஒரு நகைக்கடை இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வாசலில் பெரிய போர்டு: "நூறு தருகிறோம்!" அடித்துப் பிடித்து உள்ளே போனால், நூறு பவுன் இல்லையாம், நூறு கிராமாம். ஒரு பவுன் 8 கிராம். ஆக, கைக்கு வருவது பன்னிரண்டரை பவுன். "ஏனுங்க, பவுனா கிராமான்னு போர்டுல போட மாட்டீங்களா?" என்று நம்மூர்க்காரர் உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார்.

இதே வேலையை இன்டர்நெட் விற்பவர்கள் வருடக்கணக்காகச் செய்துகொண்டிருக்கிறார்கள். யாரும் சத்தம் போடுவதில்லை!

வேகத்தை விற்பது பிட் கணக்கில். அளவை விற்பது பைட் கணக்கில். ஒரு பைட்டுக்கு 8 பிட், பவுனுக்கு 8 கிராம் மாதிரியே. 100 எம்பிபிஎஸ் என்றால் நொடிக்கு 100 மெகாபிட், அதாவது 12.5 மெகாபைட். ஆனால் "தினம் 2 ஜிபி" என்பது பைட். ஒரே விளம்பரத்தில் ஒரு வரி கிராம், அடுத்த வரி பவுன். ஆங்கிலத்திலாவது சின்ன எழுத்து, பெரிய எழுத்து என்று ஒரு வித்தியாசம் உண்டு. தமிழில் எழுதினால் எம்பிபிஎஸ், எம்பி என்று இரண்டிலும் அதே "பி" தான். அந்தச் சின்னத் துப்பும் போயிற்று.

"உலகம் முழுக்க லைன் வேகம் பிட்டில்தான் சொல்லப்படுகிறது" என்பார்கள். உண்மைதான். கம்பியில் தகவல் பிட் பிட்டாகப் போகிறது, அதனால் இன்ஜினியர்கள் பிட்டை எண்ணினார்கள். டிஜிட்டல் டெலிபோனில் ஒருவர் பேசும் குரலை நொடிக்கு 8000 முறை அளந்து, ஒவ்வொரு அளவையும் 8 பிட்டில் எழுதினார்கள். பெருக்கினால் 64,000. ஒரு ஆள் போன் பேசத் தேவையான பாதை 64 கேபிபிஎஸ். இப்படி 32 பாதைகளைக் கட்டியது இ1 லைன், 2.048 எம்பிபிஎஸ். அதில் பேச்சுக்கு 30, மீதி இரண்டும் ஒத்திசைவுக்கும் சிக்னலுக்கும். 63 இ1-களைச் சுமப்பது எஸ்டிஎம்-1, 155.52 எம்பிபிஎஸ். நேராக வகுத்தால் 75 வரும், ஆனால் 63 தான் பிடிக்கும். மீதி, நிர்வாகத்துக்கே போய்விடும். இ.சி.இ. மாணவர்கள் இதை மனப்பாடம் செய்து இரண்டு மார்க் வாங்குவதோடு சரி. அந்தக் கணக்கை ரீசார்ஜ் பண்ணும்போது யாரும் போட்டுப் பார்ப்பதில்லை.

போட்டுப் பார்த்தால் என்ன ஆகும்?

பெரிய கம்பெனிகளின் பல மொபைல் திட்டங்களில் கீழே ஒரு வரி இருக்கும்: தினசரி அளவு முடிந்த பின் 64 கேபிபிஎஸ் வேகத்தில் அன்லிமிடெட். 64! அதே பழைய ஒற்றை டெலிபோன் பாதை. பைட்டுக்கு மாற்றினால் நொடிக்கு 8 கிலோபைட். ஒரு நாளைக்கு 86,400 நொடி. ஒரு நொடி கூட விடாமல், தூங்காமல் இறக்கினாலும் மொத்தம் 691 மெகாபைட்தான். அதற்கு மேல் கடவுளே வந்தாலும் இறக்க முடியாது. இதற்குப் பெயர் அளவில்லாததாம்!

இன்னொரு பக்கம், 100 எம்பிபிஎஸ் கிடைக்கிறது என்று வையுங்கள். தினசரி அளவு 2 ஜிபி என்றால் அது 160 நொடியில் காலி. விளம்பரம் செய்த வேகம் இரண்டு நிமிடம் நாற்பது நொடி, மீதி நாள் முழுக்க 64.

இந்திய அரசு 2004 கொள்கையில் பிராட்பேண்ட் என்றால் குறைந்தது 256 கேபிபிஎஸ் என்றது. 2013-ல் 512 ஆக்கியது. 2023 ஜனவரியில் 2 எம்பிபிஎஸ் ஆக்கியது. 64 என்பது இருபது வருடத்துக்கு முந்தைய அளவுகோலிலேயே நாலில் ஒரு பங்கு. இன்றைய அளவுகோலில் முப்பதில் ஒரு பங்கு கூட இல்லை.

வீட்டில் ஃபைபர் இருப்பவருக்கு இது பெரிய விஷயமில்லை. செல்போன் பேக் ஒன்றையே நம்பியிருப்பவருக்குத்தான் வலி. பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தென்னை விவசாயி, வாடல் நோயா என்று கேட்க மட்டையைப் படம் எடுத்து அனுப்புகிறார். 4 எம்பி படம். 64-ல் அது போய்ச் சேர 8 நிமிடம் 20 நொடி. மூன்று படம் என்றால் 25 நிமிடம். திருப்பூர் மெர்ச்சண்டைசர் ஷேடு படம் அனுப்பினாலும் இதே கதிதான். அவர் கட்டிய காசு "அன்லிமிடெட்" என்ற வார்த்தைக்கும் சேர்த்துத்தான்.

சின்ன எழுத்தில் நிபந்தனை போட்டிருக்கிறதே என்று வாதாடலாம். 64 என்று போட்டது பொய்யில்லைதான். ஆனால் 64 என்றால் என்ன என்று தெரியாத ஆளிடம் 64 என்று சொல்வது, சொல்லாததற்குச் சமம்.

தீர்வுக்கு டெல்லி வரை போக வேண்டாம், கோவையிலேயே இருக்கிறது. இங்கே செய்யும் மோட்டாரின் தகட்டைப் பாருங்கள். 3.7 கிலோவாட் என்றும் 5 எச்.பி. என்றும் இரண்டும் அடித்திருக்கும். இன்ஜினியருக்கு ஒன்று, விவசாயிக்கு ஒன்று. யாருக்கும் நஷ்டமில்லை. அதேபோல ரீசார்ஜ் விளம்பரத்திலும் "100 எம்பிபிஎஸ், அதாவது நொடிக்கு 12.5 மெகாபைட்" என்று போடட்டும். "அளவு முடிந்தபின் நாளொன்றுக்கு அதிகபட்சம் 691 மெகாபைட்" என்று அதே பெரிய எழுத்தில் போடட்டும். டிராய் ஒரு உத்தரவு போட்டால் முடிகிற வேலை.

அதுவரை செய்ய வேண்டியது ஒன்றுதான். எந்த வேகத்தைச் சொன்னாலும் எட்டால் வகுத்துப் பாருங்கள். பவுனுக்கு போடுகிற அதே கணக்கு. அதில் நம்மூர்க்காரர்களை யாரும் ஏமாற்ற முடியாது :-)