எந்தக் குண்டு?

காட்டுப்பன்றியைச் சுடலாமா கூடாதா என்று நம் திண்டுக்கல் மாவட்டத்தில் வருஷக்கணக்காகப் பேசியாகிவிட்டது. எதைக் கொண்டு சுடுவது என்று மட்டும் யாரும் பேசுவதில்லை. இப்போது எனக்கு அந்தக் கேள்விதான் பெரிதாகத் தெரிகிறது.

2025 ஜனவரியில் தமிழக அரசு ஒரு முடிவை அறிவித்தது. காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைப் பிடிக்கவோ சுடவோ கூடாது. ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டருக்குள் வந்தால் பிடித்துக் காட்டில் விட வேண்டும். மூன்றைத் தாண்டி வந்தால் வனத்துறையினர் சுடலாம். சிறுமலை அடிவாரத்தில் மக்காச்சோளமும் நிலக்கடலையும் போட்டவருக்கு இதனால் பெரிய ஆறுதல் இல்லை; அவர் நிலம் முதல் கிலோமீட்டரிலேயே முடிந்துவிடும். காடு தள்ளியிருக்கும் சமவெளி ஊர்களுக்கோ இது பெரிய மாற்றம். ஒரு ராத்திரியில் கால் ஏக்கர் சோளத்தைச் சாய்த்துவிட்டுப் போகும் கூட்டத்தைப் பார்த்தவர்கள் யாரும் அந்த அறிவிப்பைக் குறை சொல்ல மாட்டார்கள். நானும் சொல்லவில்லை.

ஆனால் துப்பாக்கி என்றதும் நம் ஊர்க்காரர்கள் மனதில் வருவது நாட்டுத் துப்பாக்கிதான். 1959-ம் ஆண்டின் ஆயுதச் சட்டமே பயிர்க் காவலுக்கென்று வாய்வழி மருந்து கிட்டிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் தர வழி வைத்திருக்கிறது. அப்படி ஒரு காலத்தில் உரிமம் வைத்திருந்த பெரியவர் ஒருவர் நத்தம் சாலைப் பக்கம் இருக்கிறார். துப்பாக்கியை எப்போதோ ஒப்படைத்துவிட்டார். குண்டு வார்க்கும் அச்சு மட்டும் பரணில் கிடந்தது, எடுத்துக் காட்டினார். பாக்குவெட்டி போல இரண்டு கை, நுனியில் இரண்டு இரும்புக் கட்டிகள். மூடினால் நடுவில் கோலிக்குண்டு அளவுக்கு ஒரு குழி. மேலே காரீயம் ஊற்ற ஒரு சின்ன வாய். அச்சு சூடேறாமல் ஊற்றினால் குண்டில் சுருக்கம் விழும், அதிகம் சூடேறினால் மேலே உப்புப் பூத்த மாதிரி வெளுக்கும் என்றார். கேட்டதற்கெல்லாம் சொன்னவர், கடைசியில் ஒன்றைக் கேட்காமலே சொன்னார்: “தம்பி, குண்டு போட்டவன் நாலு பேரு, ரவை போட்டவன் நாப்பது பேரு. ரவை வாங்குன பன்னி அன்னைக்கிச் சாகாது. அடுத்த நாள் ஆடு மேய்க்கப் போறவனத்தான் தேடும்.”

முழு விஷயமும் இதற்குள் இருக்கிறது. கருமருந்தைக் கொட்டி, தேங்காய் நாரையோ பழந்துணியையோ வைத்து இடித்து, அதன்மேல் கைக்குக் கிடைத்ததைப் போடுவதுதான் வழக்கம். மீன் வலையிலிருந்து வெட்டிய ஈயத்துண்டு, சைக்கிள் பால்ரஸ், ஆணி. 12 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒற்றைக் காரீயக் குண்டு ஏறக்குறைய 10 கிராம் இருக்கும். உள்ளே போய் எலும்பை உடைக்கும். அதே எடையை முப்பது துணுக்காகச் சிதறவிட்டால் ஒன்றுகூட உயிர்நிலையைத் தொடாது. ஆண் பன்றியின் தோள்பட்டையில் தோலுக்கடியில் கெட்டியான ஒரு கவசம் வளர்ந்திருக்கும். சின்ன ரவை அதிலேயே நின்றுவிடும், புண் சீழ் பிடிக்கும், அது புதருக்குள் கிடந்து நாள்கணக்கில் சாகும். தீனிக்குள் வெடிமருந்து பொதிந்த அவுட்டுக்காயைக் கடித்து வாய் சிதறிச் சாகும் பன்றியின் சாவுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

நாட்டுத் துப்பாக்கி போல வழவழப்பான குழாயில் ஈயம் போட்டுச் சுடுவது போருக்காக வந்த பழக்கம். 1755-ல் திண்டுக்கல்லின் பௌஜ்தாராக வந்த ஹைதர் அலி, பிரெஞ்சுக்காரர்களின் தொழில்நுட்பத் துணையோடு இங்கே ஆயுதச்சாலை அமைத்தார். 1790-ல் கோட்டையை ஆங்கிலக் கும்பினிப் படை பிடித்தது. அந்தக் காலத்து மஸ்கட் துப்பாக்கியால் யாரும் ஒரே ஆளைக் குறிவைத்துச் சுடவில்லை. வரிசையாக நின்று எதிர்வரிசையை நோக்கிச் சுட்டார்கள், யார்மேல் படுகிறதோ படட்டும் என்று. நம் தோட்டங்களில் மிஞ்சியிருந்த நாட்டுத் துப்பாக்கி அதன் வாரிசு. ஒரு மிருகத்தை வலியில்லாமல் வீழ்த்துவதற்காக அதை யாரும் செய்யவில்லை.

ரைபிள் வேறு சாதி. குழாய்க்குள் சுருளாக ஓடும் வரிப்பள்ளம் குண்டைச் சுழற்றி அனுப்புகிறது. சுழலும் குண்டு நேராகப் போகிறது. அதில் வார்ப்புக் குண்டு போடுவதென்றால் காரீயத்தைத் தேர்ந்தெடுப்பதே ஒரு கலை. சுத்தக் காரீயம் 327 டிகிரியில் உருகும், நகத்தால் கீறினாலே கோடு விழும். வேகமாக விரட்டினால் பள்ளத்தைப் பிடிக்க முடியாமல் வழுக்கி, குழாயின் சுவரில் பூசிக்கொள்ளும். அப்புறம் அந்தத் துப்பாக்கியின் குறி போய்விடும். அதனால் கொஞ்சம் வெள்ளீயம் சேர்ப்பார்கள், அச்சின் மூலை முடுக்கெல்லாம் நிரம்புவதற்கு. கொஞ்சம் ஆன்டிமனி, இறுகுவதற்கு. நம் ஊர் அச்சகங்களில் எழுத்துக் கோத்த காலத்து ஈய எழுத்தும் இந்த மூன்றின் கலவைதான். அது குண்டுக்கு அளவு மீறிய கடினம் என்பதால் வெளிநாட்டில் வார்ப்பவர்கள் அதை மென்காரீயத்தோடு கலந்தே பயன்படுத்துகிறார்கள். பழைய பேட்டரித் தகட்டை உருக்கக் கூடாது என்பதும் அவர்களிடையே எழுதாத சட்டம். அந்தப் புகை ஆளைக் கொல்லும்.

அளவிலும் நுணுக்கம் உண்டு. குழாயின் பள்ளத்து விட்டத்தைவிட அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு பெரிதாகக் குண்டு இருக்க வேண்டும். சிறுத்துப் போனால் வெடிப்பின் சூடான வாயு இடுக்கில் புகுந்து ஈயத்தை உருக்கிவிடும். மூக்கு கூராக இருப்பதைவிடத் தட்டையாக இருப்பது வேட்டைக்கு நல்லது, அது தசையில் அகலமான வழி போடும். மெதுவாகப் போகும் குண்டுக்கு மென்மை வேண்டும், வேகமாகப் போவதற்குக் கடினம் வேண்டும். வேகம் இன்னும் கூடினால் அடியில் செம்புத் தொப்பி வைத்தாக வேண்டும்.

இவ்வளவு பார்த்துச் செய்தாலும் குழாய் சிறுத்ததென்றால் பயனில்லை. பாயின்ட் டூ டூ என்கிற சின்ன ரைபிளின் ஈயக் குண்டு 5.6 மில்லிமீட்டர் விட்டம், 2.6 கிராம். காகித இலக்குக்கு அருமையான குண்டு. நூறு கிலோ பன்றிக்கு அதை நீட்டுவது கொடுமை.

உள்ளே போன குண்டு என்ன செய்கிறது என்பதும் முக்கியம். 1890-களில் கல்கத்தாவுக்குப் பக்கத்து டம்டம் ஆயுதச்சாலையில் மூக்கில் உறை நீக்கிய குண்டைச் செய்தார்கள். உடம்புக்குள் போய் விரியும். 1899-ல் ஹேக் மாநாடு, விரியும் குண்டைப் போரில் மனிதர்மேல் பயன்படுத்தக் கூடாது என்று தடுத்தது. வேட்டையில் இது அப்படியே தலைகீழ். விரியும் குண்டுதான் சட்டென்று உயிரை எடுக்கும், துன்பத்தைச் சுருக்கும்.

ஆனால் விரிவதற்குக் காரணமான அந்த மென்மைதான் காரீயத்தின் விஷத்தையும் பரப்புகிறது. வேகமான ரைபிளின் ஈயக் குண்டு எலும்பில் பட்டால் கண்ணுக்குத் தெரியாத பொடியாகச் சிதறும். எக்ஸ்ரே எடுத்தால் காயத்தைச் சுற்றி நட்சத்திரம் தெளித்தது போல் தெரியும். மெதுவாகப் போகும் கடின வார்ப்புக் குண்டு அவ்வளவு சிதறுவதில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். சுடப்பட்ட மிருகத்தின் குடலைத் தின்கிற கழுகுக்கும் நரிக்கும் நாய்க்கும் காரீயம் வயிற்றுக்குள் போகிறது. கலிபோர்னியாவில் கான்டார் என்ற பெரும் பிணந்தின்னிப் பறவை அழிவின் விளிம்புக்குப் போக இது ஒரு முக்கியக் காரணம்; 2019 ஜூலையிலிருந்து அங்கே வேட்டைக்கு ஈயக் குண்டே கூடாது. டென்மார்க் 2024 ஏப்ரலில் ரைபிள் குண்டிலும் ஈயத்தைத் தடை செய்தது. அங்கெல்லாம் செம்புக் குண்டுக்கு மாறிவிட்டார்கள். டைக்லோஃபெனாக் மருந்தால் பாறு கழுகுகளைப் பறிகொடுத்த நாடு நம்முடையது. கால்நடைக்கு அந்த மருந்தை 2006-ல் தடை செய்த பிறகும் மோயாற்றுப் பள்ளத்தாக்கில் எஞ்சியவற்றைத்தான் காப்பாற்றிக்கொண்டிருக்கிறோம். செத்த உடலில் நாம் எதை விட்டுவைக்கிறோம் என்பதன் விலை நமக்குத் தெரியாததல்ல.

இன்னொன்று, மனிதர். பன்றியைச் சுட்டால் கறி எங்கே போகும் என்று நம் பக்கத்தில் யாரும் கேட்க வேண்டியதில்லை. அது சட்டப்படி குற்றம், ஆனாலும் திருட்டுத்தனமாகச் சட்டிக்குப் போகிறது. நாட்டுத் துப்பாக்கியின் ரவை அதில் அப்படியே கிடக்கும். குழந்தையின் மூளைக்கு இவ்வளவு காரீயம் வரை பரவாயில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவும் கிடையாது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம்.

சுடும் பொறுப்பை ஏற்றிருக்கும் வனத்துறையிடம் நான் கேட்பது இதுதான். எந்தத் துப்பாக்கி, எத்தனை மீட்டருக்குள், எந்த உலோகக் குண்டு என்பதை விதியிலேயே எழுதி வையுங்கள். சுடுபவருக்கு ஆண்டுதோறும் இலக்குப் பயிற்சி கொடுங்கள். முடிந்தவரை செம்புக் குண்டை வாங்குங்கள், விலை கூடுதலாக இருந்தாலும். அது கிடைக்கும்வரை ஈயம்தான் என்றால், விழுந்த உடலைக் குடலோடு ஆழக் குழி தோண்டிப் புதையுங்கள். அடிபட்டு ஓடிய பன்றியை அன்று ராத்திரியே ஆள் வைத்துத் தேடி முடியுங்கள். விடிந்தால் அந்தப் புதர்ப் பக்கம் விறகு பொறுக்கவும் ஆடு மேய்க்கவும் ஆட்கள் போவார்கள்.