புல்லா, கல்லா: மட்டம் வைக்கும் நாளிலேயே முடிவெடுங்கள்

கோடை நெருங்கினால் நம் தொழிலில் தவறாமல் வரும் கேள்வி இது: நீச்சல் குளத்தைச் சுற்றிப் புல் போடலாமா? வீட்டுக்காரர் கைப்பேசியில் ஒரு படம் காட்டுவார். நீலத் தண்ணீர், அதன் உதட்டை ஒட்டியே பச்சைப் புல். நடுவில் ஒரு கல்கூடத் தெரியாது. "அப்படியே இதே மாதிரி வேணும் சார்" என்பார். நம்மில் சிலர் உடனே கொரியன் புல்லுக்குச் சதுர அடிக் கணக்குப் போடத் தொடங்குவார்கள். வேறு சிலர் குளத்துப் பக்கம் புல்லே ஆகாது, முழுக்கக் கல் பதியுங்கள் என்று அடித்துச் சொல்வார்கள். இரு தரப்பும் காலம் கடந்து பதில் சொல்கிறார்கள் என்பதே நம் கருத்து.

காரணம், நம்மைக் கூப்பிடும்போது குளம் கட்டி முடிந்திருக்கும். கோப்பிங் கல் பதித்தாகிவிட்டது, குழாய்கள் மண்ணுக்குள் போய்விட்டன. மிச்சம் கிடக்கும் மண்ணைப் பச்சையாக்குவதுதான் நம் வேலை என்றாகிறது. அந்த மண் கோப்பிங்குக்குச் சமமாகவோ அரை அங்குலம் மேலாகவோ நிற்கும். புல் பிடித்தபின் மேலுரமும் மணலும் போடப்போட அது இன்னும் ஏறும். ஐப்பசியில் முதல் கனமழை பெய்த மறுநாள் போய்ப் பாருங்கள்: குளம் டீ நிறத்தில் இருக்கும், ஃபில்டரின் அழுத்தமானி முள் ஏறி நிற்கும். பழி புல்லின் மேல் விழும். உண்மையில் குற்றம் மட்டத்தினுடையது.

புல் போடுவதென்றால் மண் கோப்பிங்குக்கு ஒன்று, ஒன்றரை அங்குலம் கீழே நிற்க வேண்டும். வாட்டம் குளத்தைவிட்டு வெளியே ஓட வேண்டும். 50 அடிக்கு ஓர் அடி போதும். புல்லுக்கும் கோப்பிங்குக்கும் இடையில் ஜல்லி நிரப்பி, அடியில் துளைக்குழாய் போட்ட வடிகால் ஒன்று வேண்டும். இவற்றை மேஸ்திரி ரசமட்டம் பிடிக்கும் நாளில் செய்தால் செலவு சொற்பம். பின்னால் செய்தால் கோப்பிங்கையே பெயர்க்க வேண்டிவரும்.

கல் தரப்பினரும் இங்கே யோசிக்க ஒன்று உண்டு. குளத்துச் சுவருக்கும் தோண்டிய குழியின் கரைக்கும் நடுவே நிரப்பிய மண், எவ்வளவு இடித்தாலும் ஓரிரு மழைக்காலத்துக்கு அமுங்கிக்கொண்டே இருக்கும். அதன்மேல் அவசரமாகக் கல் பதித்தால் இணைப்பு பிளக்கும். கல் சாய்ந்து தண்ணீர் குளத்துக்கே திரும்பும். புல் அந்த அமுங்கலோடு தானும் இறங்கும், மண் போட்டு நிரவிக்கொள்ளலாம். ஆகவே முதல் ஆண்டு அந்தப் பட்டையில் புல், மண் அடங்கியபின் கல் என்று இரண்டு கட்டமாகச் செய்வது பல இடங்களில் நல்ல தீர்வு.

குளோரின் பட்டால் புல் கருகும் என்ற பயம் பெரும்பாலும் வீண். முறையாகப் பராமரிக்கும் குளத்தில் லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் குளோரின்தான் இருக்கும். பிள்ளைகள் குதித்துத் தெறிக்கும் தண்ணீரை எந்தப் புல்லும் தாங்கும். பயப்பட வேண்டியது உப்புக்கு. உப்பிலிருந்து குளோரின் தயாரிக்கும் குளங்களில் பொதுவாக லிட்டருக்கு 3,000 மில்லிகிராம் அளவில் உப்பு இருக்கும். குளோரின் வெயிலில் போய்விடும், உப்பு போகாது. மணற்பாங்கான கிழக்குக் கடற்கரைச் சாலை மனைகளில் மழை அதை அலசிவிடும். களிமண்ணில் அது அங்கேயே தங்கி ஆண்டுக்காண்டு சேரும். தண்ணீரை மிச்சம் பிடிக்கிறோம் என்று பேக்வாஷ் தண்ணீரைப் புல்லில் விடும் பழக்கத்தை உப்புக் குளங்களில் அறவே நிறுத்த வேண்டும். அங்கே புல் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் கடலோரப் பாஸ்பலம் அல்லது பெர்முடா. மற்றவற்றுக்கு உத்தரவாதம் தராதீர்கள்.

புல் குளத்துக்குச் செய்யும் கெடுதலைப் பற்றி நாம் பேசுவது குறைவு. ஓரத்தில் தூவிய யூரியா கரைந்து இறங்கினால் அதன் நைட்ரஜன் குளோரினோடு சேர்ந்து குளோரமினாகும். கண் எரிச்சலும் அந்த நெடியும் அதனால்தான். டிஏபியின் பாஸ்பேட் பாசிக்குத் தீனி. குளத்திலிருந்து மூன்று அடிக்குள் இவற்றைத் தூவக் கூடாது என்பதை ஆளிடம் வாயால் சொன்னால் போதாது, எழுதிக் கொடுங்கள்.

அடுத்தது தண்ணீர்க் கணக்கு. மே மாதத்தில் ஒரு சதுர மீட்டர் புல்லுக்கு நாளொன்றுக்கு நான்கைந்து லிட்டர் வேண்டும். ஆயிரம் சதுர அடிக்கு ஏறக்குறைய 400 லிட்டர். எட்டுக்கு நான்கு மீட்டர் குளம் ஒன்றில் ஆவியாவது இதில் பாதிகூட இராது. குளம் தண்ணீரைக் குடிக்கிறதே என்று கவலைப்படும் வீட்டுக்காரருக்கு, அதைச் சுற்றியுள்ள புல் அதைவிட அதிகம் குடிக்கும் என்பது தெரிவதில்லை. 2019இல் சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வறண்ட கோடையை மறந்துவிட்டு மதிப்பீடு எழுதுவது நேர்மையாகாது.

அதற்காக எல்லாவற்றையும் கல்லாக்கிவிடவும் முடியாது. பகல் இரண்டு மணிக்குக் கறுப்புக் கடப்பா கல்லில் வெறுங்காலோடு நாலு அடி வைத்தவருக்குத் தெரியும், குழந்தைகள் ஏன் குளத்தைச் சுற்றி ஓடுகிறார்கள் என்று. வெளிர் நிறக் கல், சொரசொரப்பான மேற்பரப்பு, கொஞ்சம் நிழல் இருந்தால் பாதித் தொல்லை தீரும். மீதிக்குப் புல்லே மருந்து. செயற்கைப் புல் மருந்தல்ல. அமெரிக்காவின் பிரிகாம் யங் பல்கலைக்கழகம் 2002இல் அளந்து பார்த்தபோது செயற்கைப் புல்தரையின் சராசரி வெப்பம் 47 டிகிரி செல்சியஸ். இயற்கைப் புல் 26 டிகிரி. தார்ச்சாலையைவிடவும் செயற்கைப் புல்லே சூடாக இருந்தது. குளத்தோரத்துக்கு அதைப் பரிந்துரைக்கும் விற்பனையாளர்கள் இதைச் சொல்வதில்லை. நாம் சொல்ல வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, யார் வெட்டுவார்கள்? வார இறுதி வீட்டில் வெள்ளிக்கிழமை மாலை வாட்ச்மேன் மெஷினை எடுத்து, முதலாளி வருவதற்குள் முடிக்க வேண்டும் என்று பையை மாட்டாமல் ஓட்டுவார். சீவிய புல் பாதி குளத்தில் விழும். மறுநாள் ஸ்கிம்மர் கூடையைத் தூக்கினால் கைப்பிடி கைப்பிடியாக ஈரப் புல் வரும். அடைபட்ட பம்பு காற்றை இழுத்துக் கத்திக்கொண்டிருக்கும். அடிக்கடி வெட்ட வேண்டாம் என்று கொரியன் புல்லைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கும் வேறு சிக்கல்: வெட்டாமல் விட்டால் அது மேடு மேடாக எழும்பும், ஈரக்கால் தடுக்கும்.

எனவே நம் நிலைப்பாடு இது. அடுக்ககம், பள்ளி, விடுதி போன்ற பொதுக் குளங்களில் விளிம்புவரை புல் வேண்டாம். அத்தனை ஈரக்கால்கள் மிதித்தால் ஒரு மாதத்தில் சேறுதான் மிஞ்சும், காப்பாற்ற ஓடி வருபவருக்கும் உறுதியான தரை வேண்டும். தனி வீடுகளில் சுற்றிலும் குறைந்தது நான்கு அடி கல், ஏணியும் படியும் உள்ள பக்கத்தில் இன்னும் அகலமாக. அதற்கப்பால் ஏதாவது ஒரு பக்கம் மட்டும் புல். சென்னைக் கடலோரத்தில் அது வடமேற்குப் பக்கமாக இருந்தால் நல்லது. கோடைப் பிற்பகலில் தென்கிழக்கிலிருந்து வரும் கடல்காற்று சருகைக் குளத்திலிருந்து விலக்கிக்கொண்டு போகும். தண்ணீர் உதடுவரை புல் என்பது நிரந்தரத் தோட்டக்காரர், மணற்பாங்கான மண், உப்பில்லாத குளம் மூன்றும் சேர்ந்த இடத்துக்கு மட்டும்.

இதை நடைமுறையாக்க ஒரு வழி நம் கையிலேயே இருக்கிறது. குளம் கட்டுபவரோடு முதல் கூட்டத்திலேயே உட்காருங்கள். கூப்பிடாவிட்டாலும் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள். கொட்டேஷனில் புல்லின் விலைக்கு முன்னால் மூன்று வரிகள் இருக்கட்டும்: கோப்பிங்குக்கும் மண்ணுக்கும் மட்ட வித்தியாசம் எவ்வளவு, பேக்வாஷ் தண்ணீர் எங்கே போகிறது, வாராவாரம் யார் வெட்டுவது. இந்த மூன்றுக்கும் வீட்டுக்காரர் கையெழுத்துப் போடாத வரை ஒரு சதுர அடிப் புல்லையும் வண்டியில் ஏற்றாதீர்கள்.