மரியாதை மாற்றிய இலக்கணம்

ஒரே ஒருவரைப் பன்மையில் சொல்லலாமா? உயர்வு கருதி மக்கள் வழக்கில் சொல்கிறார்கள், ஆனால் இலக்கண முறைப்படி அது சரியல்ல என்று சொல்லதிகாரத்தில் எழுதிவைத்தார் தொல்காப்பியர். 'வைத்தார்' என்று இங்கே எழுதுவதே அந்த நூற்பாவை மீறித்தான். 'வைத்தான்' என்று எழுதினால் இன்று எந்த நாளிதழும் அச்சிடாது.

சங்கப் புலவர்கள் வேந்தனை நேருக்கு நேர் 'நீ' என்றே அழைத்தார்கள். அதில் அவமதிப்பு எதுவும் இல்லை. பிறகு பலரைக் குறித்த 'அவர்' மரியாதையின் பேரில் ஒருவருக்குப் போய்ச் சேர்ந்தது. பலரைச் சொல்ல வேறு சொல் வேண்டுமே என்று 'கள்' ஒட்டி 'அவர்கள்' பிறந்தது. தொல்காப்பியர் கணக்கில் 'கள்' அஃறிணைக்கு உரிய விகுதி! 'அவர்கள்' என்ற பன்மையும் நிலைக்கவில்லை. 'முதலமைச்சர் அவர்கள்' என்று அதையும் ஒருவருக்கே கொடுத்துவிட்டோம். பேச்சில் 'அவங்க வந்தாங்க' என்றால் வந்தது அம்மாவா, கல்யாணக் கூட்டமா என்று தெரியாது; 'எல்லாரும்' என்று சேர்த்தால்தான் விளங்கும். பழைய பன்மையான 'நீர்' நெல்லைப் பேச்சிலும் யாழ்ப்பாணத்திலும் 'நீ'க்கு மேலே, 'நீங்கள்' என்பதற்குக் கீழே ஓர் இடைப்படியாக ஒருவருக்கே வழங்குகிறது.

தமிழ் கெட்டுவிட்டது என்று இதற்காக யாரும் அழுவதில்லை. அழுதவர்கள் இங்கிலாந்தில் இருந்தார்கள்.

ஆங்கிலத்தில் ஒருவருக்கு 'தௌ', பலருக்கு 'யூ' என்ற வேறுபாடு முன்பு இருந்தது. பெரிய மனிதர்களை 'யூ' என்று அழைக்கும் பழக்கம் மேலிருந்து கீழே பரவியது. 17-ஆம் நூற்றாண்டில் குவேக்கர் என்ற கிறித்தவப் பிரிவினர் இதை ஏற்கவில்லை. நீதிபதியானாலும் பிரபுவானாலும் 'தௌ' என்றே அழைத்து, வசையும் அடியும் வாங்கினார்கள். கடவுள் முன் எல்லாரும் சமம் என்பது ஒரு காரணம். ஒருவரைப் பன்மையில் சொல்வது இலக்கணப் பிழை என்பது இன்னொன்று. பல மொழிகளிலிருந்து சான்று காட்டி, அவர்களின் தலைவர் ஜார்ஜ் ஃபாக்ஸும் தோழர்களும் 1660-இல் ஒரு நூலே வெளியிட்டார்கள். தொல்காப்பியரைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தால் அவரையும் சாட்சிக்கு அழைத்திருப்பார்கள். ஆனால் வழக்கு வென்றது, நூல் தோற்றது. 'யூ' எல்லாருக்கும் பொதுவாகிவிட, பலரைக் குறிக்க 'யூ ஆல்' என்று சேர்த்து, அமெரிக்காவின் தென்மாநிலங்களில் அதையும் 'யால்' என்று சுருக்கிக்கொண்டார்கள். நம் 'அவங்க எல்லாரும்' போலத்தான்.

போர்த்துகீசியம் வேறு வழியில் போனது. 'தங்கள் கருணை' என்ற பொருளில் பெரியவர்களை அழைத்த 'வொஸ்ஸா மெர்ஸே' தேய்ந்து 'வொஸே' ஆனது. கருணை வருகிறது, கருணை சொல்கிறது என்று படர்க்கை வினைமுற்றோடு வந்த சொல் அது. இன்று பிரேசிலின் பெரும்பகுதியில் நண்பனையும் 'வொஸே' என்கிறார்கள்; முன்னிலைக்கென்று இருந்த வினை விகுதிகள் அன்றாடப் பேச்சில் மங்கிவிட்டன.

சுவீடன் தலைகீழ். 'இயக்குநருக்குக் காபி வேண்டுமா?' என்று எதிரில் இருப்பவரையே படர்க்கையில் கேட்ட நாடு அது. 1967-இல் அரசு மருத்துவ வாரியத்தின் தலைவர் ப்ரூர் ரெக்ஸெட், ஊழியர் அனைவரையும் 'நீ' என்றே அழைக்கப்போவதாக அறிவித்தார். ஏற்கெனவே பரவிக்கொண்டிருந்த மாற்றத்துக்கு அது முகமாக அமைந்தது. இன்று அங்கே அரச குடும்பம் தவிர ஏறக்குறைய எல்லாரும் 'நீ'தான்.

இலக்கணம் மாறுவதைச் சோம்பலின் விளைவாகவே பார்ப்பது நம்மிடையே ஒரு பழக்கம். இந்த மாற்றங்களில் சோம்பல் எங்கே இருக்கிறது? யாரை எவ்வளவு மதிப்பது என்ற பேரம்தான் விகுதிகளை இடம் மாற்றியிருக்கிறது. தமிழில் அந்தப் பேரம் இன்னும் முடியவில்லை. பண்ணையார் வீட்டுச் சிறுவன் தன் தாத்தா வயதுள்ள உழவரை 'வாடா, போடா' என்றதும் இந்த மொழியில்தான். அந்த உழவரின் பேரன் 'வாங்க' என்ற சொல்லைக் கேட்டு வளர்கிறான் என்றால், அது தமிழ் இலக்கணத்துக்கு நேர்ந்த மிக நல்ல மாற்றங்களில் ஒன்று.

வகுப்பில் ஒருமை பன்மை மயக்கத்துக்கு மதிப்பெண் குறைக்கும் ஆசிரியர்கள், இந்த வரலாற்றையும் சேர்த்துச் சொல்லித்தரலாம். செய்தித்தாளில் பிழை தேடும் இலக்கணக் காவலர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: ரேஷன் கடையிலும் காவல் நிலையத்திலும் வயதான கூலித் தொழிலாளியை 'நீ' என்று விளிப்பது காதில் விழுந்தால், அங்கேயும் திருத்துங்கள்.