காரைக் கெடுக்கும் ஆசை

பந்தயக் கார் போல ஒரு கார் வாங்க வேண்டும் என்பது பல வாலிபர்களின் ஆசை. ஆசையில் தவறு இல்லை. ஆனால் வாங்கிய மறு வாரமே சைலன்சரை மாற்றுகிறார்கள். ஸ்பிரிங்கை வெட்டிக் காரைத் தாழ்த்துகிறார்கள். அங்கேதான் வம்பு!

நடுநிசியில் வெடி போலச் சத்தம். தொட்டில் குழந்தை அலறி எழுகிறது. தாய்மார்கள் சபிக்கிறார்கள்.

கம்பெனி தந்த அமைப்புக்கு மாறாகக் காரை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக் கூறியது. அதே ஆண்டு சட்டமும் திருத்தப்பட்டது. அனுமதி இல்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5 ஆயிரம் ரூபாய் அபராதம். 6 மாதம் வரை ஜெயிலும் கிடைக்கலாம்.

சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். தாழ்த்திய கார் பார்க்க அழகுதான். நம் ஊர் வேகத்தடையில் அதன் வயிறு உரசும். பள்ளத்தில் சக்கரம் துள்ளும். அந்த நேரம் பிரேக் பிடித்தால் கார் எப்படி நிற்கும்? என்ஜினுக்குப் பணம் கொட்டுகிறவர்கள், பிரேக்குக்கும் டயருக்கும் கணக்குப் பார்க்கிறார்கள்! உண்மையில் எடை குறைந்த காருக்குச் சிறிய என்ஜினே போதும். வளைவில் அது அழகாகத் திரும்பும், சீக்கிரம் நிற்கும்.

வேகத்துக்கு இடம் இல்லாமல் இல்லை. முன்பு சோழவரம் விமானத் திடலில் பந்தயம் நடந்தது. 1990 முதல் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பாதையே இருக்கிறது. அங்கே எதிரே மாட்டு வண்டி வராது. பள்ளிப் பிள்ளைகளும் குறுக்கே ஓடமாட்டார்கள்.