ஒரு மாலைக்காக அச்சிட்ட தாள்கள்

நிகழ்ச்சி முடிந்த மறுநாள் சுவரொட்டிக்கு என்ன மதிப்பு உண்டு? அது மழையில் நனைந்து கிழியும். அதன்மேல் வேறொன்று ஒட்டப்படும். இத்தகைய தாள்களை அருங்காட்சியகத்தில் சட்டமிட்டு மாட்டி வைப்பது தகுமா எனக் கேட்போர் உளர். அக்கேள்விக்கு விடை தேட அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரம் துணைபுரியும்.

1967ஆம் ஆண்டுக் கோடையில் இளைஞர்கள் பல ஊர்களிலிருந்து அந்நகரில் திரண்டனர். வியட்நாம் போரை எதிர்த்தும், அன்பையும் இசையையும் போற்றியும் அவர்கள் வாழ்ந்த அக்காலத்தை ‘அன்பின் கோடை’ என்பர். அதன் ஐம்பதாம் ஆண்டு நினைவாக, 2017இல் அங்குள்ள டி யங் அருங்காட்சியகம் ஒரு கண்காட்சியை நடத்தியது. ராக் இசை நிகழ்ச்சிகளின் சுவரொட்டிகளும், ஒளிப்படங்களும், அக்கால உடைகளும் அதில் இடம்பெற்றன.

அக்காலச் சுவரொட்டிகளுள் புகழ்பெற்ற பல, ஃபில்மோர் என்னும் இசையரங்கிற்காக உருவானவை. அங்கு நிகழ்ச்சிகளை நடத்தியவர் பில் கிரஹாம். பெர்லினில் யூதக் குடும்பத்தில் பிறந்த அவர், நாஜிகளின் கொடுமைக்குத் தப்பிச் சிறுவயதிலேயே அமெரிக்கா வந்து சேர்ந்தவர். அவருக்காகச் சுவரொட்டி வரைந்த வெஸ் வில்சன், எழுத்துகளையே ஓவியமாக்கினார். தீச்சுடர் போல் நெளிந்து தாளை நிரப்பும் அவ்வெழுத்துகளை ஒரே பார்வையில் படிக்க இயலாது. ஸ்பெயினில் பிறந்த விக்டர் மோஸ்கோசோ என்னும் மற்றோர் ஓவியர், ஒன்றோடொன்று மோதும் வண்ணங்களை அடுத்தடுத்து அமைத்துக் கண்ணை அதிரச் செய்தார்.

விளம்பரம் விரைவில் படிக்கத்தக்கதாக இருக்க வேண்டும் என்பது பொதுவிதி. இவ்வோவியர்கள் அவ்விதியை மீறினர். வழிப்போக்கர் நின்றார்; உற்றுநோக்கினார்; எழுத்தைக் கண்டுபிடித்து மகிழ்ந்தார். நிற்க வைத்துக் காணச் செய்யும் ஆற்றல் கலைக்கே உரியது. ஆகவே, ‘இவை வெறும் விளம்பரங்களே’ என்று ஒதுக்குவது பொருந்தாது. சீட்டு விற்பதற்காக வரையப்பட்டது என்பதனால் மட்டும் ஓர் ஓவியம் தாழ்ந்துவிடாது.

சுவரொட்டி வரலாற்றுச் சான்றாகவும் விளங்குகிறது. நாள், இடம், இசைக்குழுக்களின் பெயர்கள் ஆகியவற்றை அது தாங்கி நிற்கிறது. முதிர்ந்த ப்ளூஸ் இசைக் கலைஞரான பி. பி. கிங், 1967இல் ஃபில்மோர் அரங்கில் இளைஞர்களின் ராக் குழுக்களோடு ஒரே மேடையில் தோன்றினார். கறுப்பின மக்களிடையே வளர்ந்த இசையும் புதிய இசையும் சந்தித்த அத்தகைய மாலைகளை இத்தாள்கள் இன்றும் நினைவூட்டுகின்றன.

எனினும், இத்தகைய கண்காட்சிகளில் ஒரு குறை நேர்வதுண்டு. புகழ்பெற்ற பாடகர் தொட்ட கித்தாரின் முன் கூட்டம் கூடுகிறது. சுவரொட்டி வரைந்தவரின் பெயரை எவரும் கேட்பதில்லை. பொருளின் விலையும் உரிமையாளரின் புகழும் மட்டுமே பேசப்பட்டால், கண்காட்சி கடையாகிவிடும். வரைந்தவர் யார், அச்சிட்ட முறை யாது, பார்த்தவர் யாவர் என்பனவும் அங்கே கூறப்பட வேண்டும்.

இத்தாள்களைக் காப்பாற்றியவர்களையும் மறத்தலாகாது. ஒட்டிய சிறிது நேரத்திலேயே சுவரொட்டிகளைப் பலர் கழற்றி எடுத்துச் சென்றனர்; இசை கேட்க வந்தோர்க்கு அவை இலவசமாகவும் வழங்கப்பட்டன. அருங்காட்சியகங்கள் மதிப்பை உணர்வதற்கு முன்பே, எளிய மக்கள் அவற்றைத் தம் அறைச் சுவர்களில் ஒட்டி வைத்துப் போற்றினர். வரலாற்றைக் காக்கும் பணி அரசர்க்கும் அறிஞர்க்கும் மட்டும் உரியதன்று என்பதை அவர்கள் மெய்ப்பித்தனர்.

எல்லாத் தாள்களையும் சேர்த்து வைத்தல் இயலாது, தேவையும் இல்லை. ஆயினும், பழைய அழைப்பிதழையோ விழா அறிவிப்பையோ குப்பையில் இடுமுன் ஒருமுறை படித்துப் பார்ப்பது நன்று. ஒரு மாலைக்காக அச்சிட்ட தாள், ஒரு தலைமுறையின் முகத்தைக் காட்டக்கூடும்.

சிந்தித்து எழுதுக

1. விளம்பரமும் கலையாகலாம் என்பதற்குக் கட்டுரை கூறும் காரணம் யாது? நீவிர் அதனை ஏற்கின்றீரா?
2. உம் வீட்டில் உள்ள பழைய தாள் ஒன்றைத் தேர்ந்து, அதனைப் பாதுகாக்க வேண்டிய காரணத்தை ஐந்து தொடர்களில் எழுதுக.